கொப்பியில் எழுதிய மஞ்சள்

எந்த ஊரிலாவது யாராவது படிக்கட்டைக் கழுவிவிட்டுப்போன குளோரின் மணம் வந்தால், முதலில் சித்தியின் கைகள் வரும். பிறகு இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீடு, பிறகு பேருந்து, கடைசியில் அந்த மஞ்சள். மணத்துக்கு வரிசை தவறுவதில்லை. நான்தான் தவறிவிடுகிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் படித்து, இரசாயனத்தில் ஏ எடுத்து, சண்டைக்குள்ளிருந்து வெளியேறி, பலெர்மோவில் சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஒரு எசமானியின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் பட்டத்துக்கு ஐந்து வருடம்.

“நாலெண்டாப் படி,” என்றார் அம்மா. “அஞ்செண்டாக் கனடா மாப்பிள்ளைக்கு ஓமெண்டு சொல்லு. அவரும் எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டிருப்பார்?”

ஊரில் படித்த உயர்தரம் இங்கே முதலாம் வருடத்துக்கு ஈடாகும் என்று ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டால், நான்கு. அதனால் ஒரு புதன்கிழமை சித்தி பள்ளிச் சோதனைகளை எழுதிய தன் செய்முறைக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புறப்பட்டார். மொழிபெயர்க்க நான். எனக்குப் பத்து வயது. சித்தியின் இத்தாலியன் சமையலறையைத் தாண்டாது. என்னுடையது தெருவில் உருண்டு புரண்டது.

பேராசிரியர் தமிழ் தெரியாமலே கொப்பியை வாசித்தார். சமன்பாடுகளுக்கு எல்லா ஊரிலும் ஒரே முகம்தானே. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் போய், ஆய்வுகூட வேலையும் இவ்வளவு செய்திருக்கிறாரே, நேரே இரண்டாம் வருடத்தில் உட்காரட்டும் என்று பேனாவைத் திறந்தார். அதைச் சித்திக்குச் சொன்னபோது என் குரலில் கால்பந்தில் கோல் போட்டவளின் திமிர்.

சித்தி சிரிக்கவில்லை.

“பிள்ளை, இவருக்குச் சொல்லு. உதில ஒண்டையும் நான் கண்ணால காணேல்லை எண்டு.”

“என்ன சித்தி?”

“சண்டையில ஆமி ஒரு இரசாயனமும் உள்ளுக்கை விடேல்லை. ஆய்வுகூடத்தில வெறும் போத்தில்தான். ரீச்சர் நிறத்தைச் சொல்லுவா, நாங்கள் எழுதுவம்.”

“அதை ஏன் இவருக்கு?”

“நீ சொல்லுறியோ, நான் அவருக்குக் கையால சைகை காட்டட்டோ?”

சொன்னேன், என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தபடி. பேராசிரியர் பேனாவை மூடினார். கோபமில்லை. அப்படியென்றால் முதலாம் வருடம்தான், மொத்தம் ஐந்து என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், கொப்பியில் ஒரு சமன்பாட்டில் விரலை வைத்து, இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். இரண்டிலும் தண்ணீர்போலத் தெளிந்த திரவம். ஒன்றை மற்றதில் ஊற்றினார்.

மஞ்சள் பிறந்தது. இல்லாத இடத்திலிருந்து, ஒரு கணத்தில், கண் கூசும் மஞ்சள். பிறகு அவசரமில்லாமல் அடியில் இறங்கியது. சித்தி அந்தக் குழாயை வாங்கி, குளோரின் மணக்கும் விரல்களில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். எனக்குப் பசித்தது. சந்தை முழுக்க எலுமிச்சை குவிந்து கிடக்கிற ஊரில், இந்த மஞ்சளுக்குப் போய் யாராவது ஒரு வருடத்தைக் கொடுப்பார்களா?

பேருந்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அம்மா திட்டவில்லை. அலுமாரியிலிருந்து கனடா மாப்பிள்ளையின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார், அவ்வளவுதான்.

மார்ச்சில் சித்தி கனடாவுக்குப் போனார். விமான நிலையத்தில் அம்மா அழுதார். அப்பா பெட்டியின் பூட்டை மூன்றாம் தரமும் இழுத்துப் பார்த்தார். நான் அத்தனை மாதமும் வைத்திருந்த கோபத்தைக் கேள்வியாக்கினேன்.

“பேசாம இருந்திருந்தா நீங்கள் இஞ்சையே இருந்திருக்கலாம்தானே, சித்தி?”

உள்ளே போகும் வரிசை நகரத் தொடங்கியிருந்தது. சித்தி என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். அவர் சொன்னதுதான் பதில் என்று எனக்குப் பிடிபட இன்னும் எத்தனையோ வருடங்கள் கிடந்தன. அன்று, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகிறாரே என்றுதான் நினைத்தேன்.

“காணாமலே கொப்பியில மஞ்சள் எண்டுதான் எழுதினனான். இப்ப கண்ணால கண்டிட்டன். சரியாத்தான் எழுதியிருக்கிறன், என்ன?”