மூன்று கோடும் ஒரே சாம்பல்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மெஷினில் பஞ்சு நூலாக இறங்கும்போது இழை அடிக்கடி அறுந்துபோகும். ஆள் போய் ஒட்டிவிட வேண்டும். அதை நாங்கள் பிரேக்கேஜ் என்போம். எந்த ஷிப்டில் எவ்வளவு பிரேக்கேஜ் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, வாரத்துக்கு ஒருமுறை கோட்டுப் படமாக எடுத்து, ஒரு தாளை மேனேஜர் மேசையில் வைப்பேன். இன்னொன்றை வாசலில் உள்ள நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன்.

பகல், நடுராத்திரியில் முடிகிற அரை நைட், விடியும்வரை ஓடுகிற முழு நைட் என்று மூன்று ஷிப்ட் என்பதால் படத்திலும் மூன்று கோடு. பகலுக்கு முழுக்கோடு, அரை நைட்டுக்கு வெட்டு வெட்டான கோடு, முழு நைட்டுக்குப் புள்ளிகள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படி அமைத்துவிட்டுப் போயிருந்தார். நான் எண்களை மட்டும் மாற்றுவேன், கோடுகள் தாமாக நகர்ந்துகொள்ளும். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை போனபோது கம்ப்யூட்டரில் புது வெர்ஷன் ஏற்றி வைத்திருந்தார்கள். பழைய ஃபைலைத் திறந்தேன். எண்கள் வந்தன, படம் இருந்த இடத்தில் வெறும் பெட்டி இருந்தது. மெனுவில் தெரிந்த முதல் படத்தை அழுத்தி, புதிதாக ஒன்று எடுத்தேன். நீலம், ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிறத்தில் கோடுகள் வந்து நின்றன. பழையதைவிட அழகாகவே இருந்தது. மில்லில் இருப்பது கறுப்பு வெள்ளை பிரிண்டர் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நினைவில் இல்லை. அச்சில் மூன்று கோடும் ஒரே சாம்பலாக வந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும் என்று நானே சொல்லிக்கொண்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம், அரை நைட் சூப்பர்வைசர் தாளைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனிதர். மேனேஜர் அவரைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தி, மேலே ஓடிய கோட்டைக் காட்டி, உங்கள் ஷிப்டில் எதற்கு இம்புட்டு அறுவு, ஆட்கள் தூங்குகிறார்களா என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். நேராக என்னிடம் வந்து தாளை மேசையில் விரித்தார்.

"இதுல நான் எந்தக் கோடு தங்கச்சி?"

நான் தாளைப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தும் தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து நிறத்தைப் பார்த்த பிறகுதான், மேனேஜர் காட்டிய கோடு முழு நைட்டுடையது, அண்ணாச்சியுடையது நடுவில் ஓடுவது என்று தெரிந்தது. சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு, "சரி, அவியகிட்ட நீயே சொல்லிரு" என்று போய்விட்டார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. முழு நைட் சூப்பர்வைசரைத் திட்டுவார் என்று பயந்தேன், அதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு இருந்த கோபம் செலவாகிவிட்டது போல. "அடுத்த தடவை தெளிவா போடும்மா" என்றார், அவ்வளவுதான். யார் பக்கம் தப்பு என்று யோசித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன்.

அந்த வாரத்திலிருந்து பேனாவால் கோடுகளின் நுனியில் ஷிப்ட் பெயரை எழுதி ஒட்டினேன். மென்பொருளின் மூலையில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில், கறுப்பு வெள்ளையில் எடுத்தாலும் கோடுகள் வேறு வேறாகத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். குறை சொன்ன திருப்தியோடு அதை மறந்தும் போனேன்.

சில மாதம் கழித்து அந்த மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. அடுத்த வெர்ஷனில் சார்ட் பகுதியை மாற்றப் போகிறார்கள், என்னைப் போல் தினமும் பயன்படுத்துகிறவர்களிடம் வீடியோவில் பேச வேண்டும் என்று இருந்தது. என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மெயிலை அவரிடம் காட்டினேன். "ஓடிபி கேட்டா சொல்லிராத" என்றார். ஏமாற்று வேலையா இல்லையா என்று ரெண்டு நாள் எங்களுக்குள் பேச்சு ஓடியது. கடைசியில் மேனேஜரிடம் கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். மில்லுக்கு என்ன வேண்டுமோ எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடு என்றார், கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறவளிடம் சொல்வதுபோல.

அவருக்கு வேண்டியது இது: கோட்டில் ஒரு புள்ளியை அழுத்தினால், அந்த நேரம் அந்த மெஷினில் யார் நின்றார்கள் என்று பெயர் வர வேண்டும். முடிந்தால் போட்டோவோடு.

அண்ணாச்சியிடமும் கேட்டேன்.  "எந்த ஷிப்டுன்னு போடாம, மொத்த மில்லுக்கும் சேத்து ஒரே கோடா போட முடியுமாம்மா?" என்றார். அது எப்போதும் முடியும், இன்றைக்கே முடியும், ஆனால் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கேட்பதும் நியாயமாகப்பட்டது, இவர் கேட்பதும் நியாயமாகப்பட்டது. ஒரே படத்தில் ரெண்டும் எப்படி வரும்?

நோட்டீஸ் போர்டில் பார்க்கிறவர்களையும் கேட்டுவிடலாம் என்று ஒருநாள் சீக்கிரம் பஸ் ஏறினேன். முழு நைட் முடிந்த பெண்கள் வாசலில் மில் வேனுக்குக் காத்து நின்றார்கள். சேத்தூர்ப் பக்கமும் வ. புதுப்பட்டிப் பக்கமும் போகிறவர்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. போர்டைக் காட்டி, இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, ஒன்றும் மாற்ற வேண்டாம் என்றாள்.

"எங்க கோடுதானக்கா எப்பவும் ஒசரத்துல இருக்கு."

மற்றவர்களும் சிரித்தார்கள், பெருமையாக. நான் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலேயே உற்பத்திக் கணக்கின் படமும் ஒட்டியிருக்கிறது. அதில் கோடு மேலே போனால் நல்லது. இதில் மேலே போனால் இழை அதிகமாக அறுந்தது என்று அர்த்தம். ரெண்டும் ஒரே போர்டில், ஒரே மாதிரித் தாளில். இத்தனை வருஷமாக அவர்கள் அதை எப்படி வாசித்திருக்கிறார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. "அப்ப நாங்கதான் மோசமாக்கா?" என்று அதே பெண் கேட்டாள்.

இல்லை என்றேன். பிறகு, ஆமாம் என்றுதானே படம் சொல்கிறது என்று தோன்றியது. ராத்திரியில் கரண்டை மிச்சம் பிடிக்க, காற்றில் ஈரம் ஏற்றுகிற பிளாண்டைக் குறைத்து ஓட்டுவார்கள். ஈரம் குறைந்தால் இழை சீக்கிரம் அறும். ஆளும் அப்போது குறைவு. அது எதுவும் படத்தில் இல்லை. இதையெல்லாம் சொல்லத் தொடங்குவதற்குள் வேன் வந்துவிட்டது. அவர்கள் ஏறிப் போனார்கள். அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்த்தாள்.

வீடியோவில் பேச வந்தது ஒரு இளம்பெண். நல்ல தமிழ் பேசினாள். இங்கிலீஷில் பேசப் பழகி வைத்திருந்ததெல்லாம் வீணானதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. என் படத்தைத் திரையில் காட்டச் சொன்னாள். கறுப்பு வெள்ளைப் பிரச்சினையைச் சொன்னேன். கோட்டை வெட்டாகவோ புள்ளியாகவோ மாற்றிக்கொள்கிற வசதி இப்போதும் இருக்கிறது, எங்கே அழுத்த வேண்டும் என்று பொறுமையாகக் காட்டினாள். உள்ளே, அதற்கும் உள்ளே ஒரு மெனு. கோட்டின் நுனியில் பெயர் போடுவதும் இருந்தது. கோட்டைத் தலைகீழாகத் திருப்புவதும் இருந்தது. நான் கேட்கக் கேட்க, எல்லாம் ஏற்கெனவே இருந்தது. கடையில் கேட்ட சாமானையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, வேற என்ன வேணும் என்று கடைக்காரர் நின்றால் வருமே ஒரு கூச்சம், அது வந்தது.

பிறகு மேனேஜர் கேட்டதைச் சொன்னேன். அண்ணாச்சி கேட்டதையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"ஒண்ணுல ஆள் பேர் வரைக்கும் தெரியணும்கிறாங்க, இன்னொண்ணுல ஷிப்டே தெரியக்கூடாதுங்கிறாங்க. உங்களுக்கு எது வேணும் மேடம்?"

எனக்கு எது வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். படத்தைப் பார்க்கிறவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிற வசதியா என்று கேட்டாள். அது இல்லை என்றேன். வேறு என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நன்றி சொல்லி முடித்துக்கொண்டோம். நான் சொன்னதை என்னவென்று எழுதிக்கொண்டாளோ.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவர் என்ன கேட்டாய் என்று விசாரித்தார். சொன்னேன். "அவங்ககிட்ட ஏன் இதக் கேட்ட? நீ போர்டுகிட்ட செத்த நேரம் நின்னா தெரிஞ்சிருமே" என்றார். அதுவும் சரிதான். ஆனால் நின்று பார்த்தபோதுதானே குழப்பமே ஆரம்பித்தது.

புது வெர்ஷன் வந்தது. எண்களைப் போட்டதும் எந்தப் படம் பொருத்தம் என்று அதுவே சொல்கிற பொத்தான் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அழுத்தினேன். பிரேக்கேஜை வட்டமாக்கி மூன்று துண்டு போட்டுக் காட்டியது, கேக் வெட்டின மாதிரி. மேனேஜருக்கு அது பிடித்தது, முழு நைட் துண்டுதான் பெரிது என்று பட்டெனத் தெரிகிறதாம். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. நான் உள்மெனுவுக்குப் போய் வெட்டுக்கோடும் புள்ளிக்கோடும் வைத்து, பழையபடியே எடுத்தேன். போர்டுக்குப் போகிற தாளின் கீழே, 'கோடு மேலே போனால் இழை அதிகம் அறுந்துள்ளது' என்று பெரிய எழுத்தில் அடித்தேன். ராத்திரி ஈரம் குறைவு என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி வேண்டாம், கரண்ட் விஷயத்தை வாசலில் ஒட்டாதே என்றார் மேனேஜர். எடுத்துவிட்டேன். ஆனால் அவரிடம் பேச்சோடு பேச்சாக அதைச் சொல்ல முடிந்தது. பார்க்கலாம் என்றார்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. மலைப்பக்கமிருந்து ஈரக்காற்று இறங்கி, மில்லுக்குள் நின்றாலே சட்டை பிசுபிசுக்கும். அடுத்தடுத்த வாரங்களில் முழு நைட் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. மெஷினில் புதிதாக மாற்றிய பார்ட்ஸால்தான் என்று மேனேஜர் சொன்னார். பிளாண்டைக் கூட்டி ஓட்டச் சொன்னாரா என்று அவரிடமே கேட்டேன், பார்ட்ஸ் பில்லை எடுத்துக் காட்டினார். எல்லாம் சாரல் செய்கிற வேலை, ஆவணி வந்தால் பழையபடி ஏறும் என்றார் அண்ணாச்சி.  நான் சொன்ன பிறகு அந்தப் பெண்கள் இழை அறாதபடி இன்னும் உஷாராக ஓடி ஓடி மெஷினைத் துடைத்திருக்கலாம், அப்படியிருந்தால் அது என்னால் வந்த பாடு.

ஒருநாள் காலை அவர்கள் போர்டு முன்னால் நின்று கீழே போகிற கோட்டை விரலால் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாகப் பேசினார்களா, அலுப்பாகப் பேசினார்களா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. கிட்டே போய்க் கேட்கலாம் என்று நடந்தேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, வாங்கக்கா என்றார்கள்.