குழாயில் நின்ற காற்று

பம்ப் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. தண்ணீர் ஓடும் குழாயின் நடுவே ஓட்டை போட்ட தகடு ஒன்று இருக்கும். தகட்டுக்கு முன்னால் ஓர் அழுத்தம், பின்னால் ஓர் அழுத்தம். இரண்டு சிறு குழாய்கள் வழியாகச் சென்சார் அந்த வித்தியாசத்தை அளக்கும். பம்ப் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று ஸ்கிரீனில் எண் வரும். பகலெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் பெற்ற பிள்ளையிடம் பேசக்கூட அலுப்பாக இருக்கும்.

ஒரு வாரம் வந்த பம்ப் எல்லாம் தண்ணீர் குறைவாகக் காட்டின. அந்த வாரம் அசெம்பிளி முழுக்க ஒரே ஆள். சூலூரிலிருந்து பஸ்ஸில் வருவார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழற்றி மாட்டினார், மறுபடியும் குறைவு. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, சென்சார் குழாயில காத்து நிக்குதான்னு ஒருக்கா பாத்துரலாங்களா?"

அதில் காற்று நின்றால் எண் குறைத்துக் காட்டும். முன்பு கண்ணாடிக் குழாய்; குமிழி கண்ணுக்குத் தெரியும். இப்போது ஸ்டீல். திருகைத் திறந்து காற்றை வெளியே விடுவது என் வேலைதான், ஐந்து நிமிஷம் ஆகாது. இருந்த எரிச்சலில், மெஷின் பொய் சொல்லாதுங்கண்ணா, உங்க வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். சரிங்க என்று போய்விட்டார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. இரண்டாம் முறை சொன்னால் சண்டைக்கு வந்ததாகிவிடும்.

சனிக்கிழமை முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திங்களன்று வேறு ஆள் மாட்டிய பம்ப்பும் குறைவாகக் காட்டியது. திருகைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது, பிறகு தண்ணீர். எண் ஏறிச் சரியாக நின்றது. அவர் மாட்டியவற்றையும் மறுபடி ஓட்டினேன். ஒன்றில்கூடக் குறையில்லை.

என் தப்பு என்று முதலாளியிடம் சொன்னேன். திரும்ப வரச்சொல் என்றார். போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம். மன்னிச்சுக்கங்கண்ணா, வந்துருங்க என்றேன். இங்கே தறி வேலைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், வரமுடியாது என்றார்.

"அதை உடுங்க அம்மணி. பம்பு என்னாச்சுங்க?"

"எல்லாம் நல்லா இருக்குதுங்கண்ணா."



"எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.