மெத்தைக் கம்பெனிக்கு ஒரு கனவு

பெயிண்டரக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடமாகக் கடை ஷட்டர்களிலும் பள்ளிச் சுவர்களிலும் படம் வரைகிறவள். பல் டாக்டர் வாசலில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் யானை அவள் கைவேலைதான். யானைக்கு ஏது அத்தனை பல் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

அவளை ஒரு மெத்தைக் கம்பெனி கூப்பிட்டது. வரவேற்புக் கூடத்துக்குப் பத்தடிப் படம் வேண்டுமாம்.

"மேடம், எங்க மெத்தை ஒண்ணு வீட்டுக்கு வரும். அதுல படுத்துத் தூங்குங்க. என்ன கனவு வருதோ அதை வரைங்க. அதான் எங்க பிராண்டு" என்றார் விளம்பர மேலாளர். மெத்தை உறையின் வெளிர்நீலம் படத்தில் எங்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவளும் பெருமையாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தனக்குக் கனவே வராது என்பது மெத்தையைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. நாலு நாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். எழுந்தால் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை.

கனவு கண்டது அவள் வீட்டுக்காரர். பஸ் டிரைவர். விடியற்கால ஷிப்ட் முடித்து மத்தியானம் வந்து அந்த மெத்தையில் சாய்வார். பேச்சில் சரியான கல்லுளிமங்கன். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் பேசியதை எழுதிவைக்க ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். அப்படிப்பட்டவர் அன்று கண்விழித்து, திரைச்சீலை வழியாக வந்த வெயிலைப் பார்த்தபடி தானாக வாயைத் திறந்தார்.

"ரோடு பூரா தண்ணி. பஸ் மிதந்துட்டே போகுது. நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல."

"அப்புறம்?" அவள் பென்சிலைத் தேடினாள்.

"மீனெல்லாம் கண்ணாடிகிட்ட வந்து என்னைப் பார்த்துட்டுப் போகுது."

தினமும் விட்ட இடத்திலிருந்து கனவு தொடர்ந்தது. தண்ணீருக்கடியில் தெருவிளக்குகள் எரிந்தன. வீடுகள் மெதுவாக நகர்ந்து பஸ்ஸுக்கு வழிவிட்டன. வெளிர்நீலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்துப் பூசியதில் வீட்டுக் கூடமே மிதப்பது போல அவளுக்குத் தோன்றியது. அவர் குரலை இவ்வளவு நேரம் அவள் கேட்டதே இல்லை. அந்த மத்தியானங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

ஒருநாள் அவர் சொன்னார்: "கடைசி ஸ்டாப்ல ஒரு பொம்பள நிக்கிறா. கதவைத் திறந்து வச்சுட்டுக் காத்திருக்கேன். ஏற மாட்டேங்குறா."

"யாரு?"

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்றார். டியூட்டி முடித்து வந்த மனுஷனுக்கு என்ன டியூட்டி?

முகமில்லாமல் அந்தப் பெண்ணை வரைந்தாள். மேலாளர் வந்து பார்த்தார். கனவு வீட்டுக்காரருடையது என்று அவள் ஒப்புக்கொண்டபோது, "மெத்தை எங்களோடதுதானே மேடம், போதும்" என்றார். "அந்தப் பொண்ணுதான் படத்துக்கே உயிர். முகம் மட்டும் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை மாட்டணும்."

மூன்று தடவை முகத்துக்கு நிறம் கலந்தாள். மூன்று தடவையும் கிண்ணத்திலேயே காய்ந்தது. வீட்டுக்காரர் மனதில் வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்ற பயம் அவளைப் பிடுங்கித் தின்றது. வியாழக்கிழமை மத்தியானம் கேட்டேவிட்டாள்.

"யாருன்னு சொல்லிடுங்க. யாரா இருந்தாலும் போட்டுடறேன்."

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கையில பிரஷ் வச்சிருக்கா. 'இந்தச் சுவரை முடிச்சுட்டு வந்துடறேன்'னு சொல்றா. தினமும் அதையேதான் சொல்றா."

கல்யாணமான புதிதில், "ஒருநாள் என் பஸ்ல வாயேன்" என்று அவர் கூப்பிட்டதும், அவள் சொன்ன இதே பதிலும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தன. தெருமுனையில் தினமும் நின்று போகும் பஸ். ஒருநாளும் அவள் ஏறியதில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள். பிறகு பிரஷ்ஷை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படத்தை மாட்டினார்கள். வெளிர்நீல வெள்ளத்தில் பஸ் மிதந்தது. கடைசி ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு, அதன்மேல் மறந்து வைத்த பிரஷ். அவ்வளவுதான்.

மேலாளர் பதறிவிட்டார். "மேடம், இங்க நின்ன பொண்ணு எங்க?"

"இன்னிக்குக் காலையில பஸ் ஏறிட்டா தம்பி" என்றாள் பெயிண்டரக்கா.