பட்டறைச் சத்தத்துக்குக் கிடைத்த பாராட்டு

எங்கள் ராக் இசைக்குழுவில் நாலு பேர். நான் டிரம்ஸ். எங்கள் ஆல்பத்தை நாமக்கல்லில், பாடகனின் அப்பாவுக்குச் சொந்தமான காலி குடோனில் பதிவு செய்தோம். பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் விழும். "கொஞ்ச நேரம் நிறுத்துனா செத்தா போயிருவீங்க?" என்று பாடகன் அங்கே போய்க் கத்தியபோது நானும் கூடத்தான் நின்றேன். அவர்கள் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டில் அந்தச் சத்தம் பதிவாகிவிட்டது. அதை நீக்கத் தெரியாமல் அப்படியே விட்டோம்.

ஆல்பம் இணையத்தில் வெளிவந்தது. ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. சென்னை விமர்சகர் ஒருவர் கேட்டார். மற்ற பாட்டுகளையெல்லாம் சுமார் என்று தள்ளிவிட்டு, கடைசிப் பாட்டின் சுத்தியல் ஓசையில் உழைப்பாளிகளின் மூச்சு கேட்கிறது என்று எழுதினார். பாடகன் உடனே பேட்டி கொடுத்தான். "அந்தத் தொழிலாளிகளோட மாசக்கணக்கா வாழ்ந்தோம்" என்றான். நாக்குக் கூசவேயில்லை.

பட்டறையில் தகரம் அடிக்கிறவரிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க, அடிக்காதீங்கன்னு சண்டைக்கு வந்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"நான் அடிச்சது மட்டுந்தானுங்க இதுல உருப்படியா இருக்குது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்த கச்சேரியில் பாடகன் ஒரு தகரத்தை மேடையில் தொங்கவிட்டு, என் கையில் சுத்தியலைக் கொடுத்தான். வெட்கமில்லாமல் அடித்தேன். இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. அதற்கும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் குழுவிலிருந்து விலகிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இன்னும் இரண்டு ஊரில் அடித்துவிட்டுத்தான் விலகினேன்.