கண்ணில்லாத மீனும் பேசாலைத் தரிப்பும்

இன்று மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். மடியில் மத்தியானக் கறிக்குத் தேங்காய். பேசாலை வீட்டில் மனிசி அடுப்படியில் காத்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த பெண்ணின் போனில் ஒரு மீன். கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

இருட்டுக் குகையில் வாழும் மீனாம். கண்ணை வைத்திருக்க உடம்புக்கு நிறையச் சாப்பாடு வேண்டுமாம். இருட்டில் அது வீண்செலவு. அதனால் தலைமுறை தலைமுறையாகக் கண்ணே இல்லாமல் போய்விட்டதாம்.

இவ்வளவு காலம் மீன் பிடித்தும் எனக்கு இது தெரியாது.

"ஐயா, அடுத்ததுக்குத் தள்ளட்டோ?" என்றாள், விரலைப் போனில் வைத்தபடி.

"பொறுங்கோ பிள்ளை, இன்னும் ரெண்டு வரி."

பாவம், பொறுத்தாள். முடித்து நிமிர்ந்தால் பேசாலை போய்விட்டது.

"மூண்டு தரம் கத்தினனான், அப்பு," என்றார் கண்டக்டர்.

அடுத்த தரிப்பில் இறங்கி, தேங்காயோடு திரும்பி நடந்தேன். மனிசி தேங்காய்ப்பால் இல்லாமலே கறியை இறக்கிவிட்டாள்.

நடந்ததைச் சொன்னதும், "காது கேக்கேல்லையோ?" என்றாள்.

"எல்லாத்தையும் கண்ணே திண்டிட்டுது," என்றேன்.

கண்டக்டர் கத்தியது, அந்த பஸ்ஸில் வந்த உங்களில் யாருக்கும் கேட்டதோ? எழுதுங்கோ. மெதுவாக வாசிப்பேன், வீட்டில் இருந்து.