பொட்டு வைத்த தொட்டி

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த காலனியின் கடைசி வீடு எங்களுடையது. பின்னாலேயே கழிவுநீர்த் தொட்டி. காலனிச் சாக்கடையெல்லாம் அதில் வந்து விழும். மோட்டார் போட்டால் அடியிலிருந்து காற்று கொப்பளிக்கும். தெளிந்த தண்ணீர் ஓடை வழியாகத் தென்பெண்ணையாற்றுக்குப் போகும். ஆண்கள் ஷிப்டுக்குப் போய்விடுவதால் மோட்டார் ரூம் சாவி என் முந்தானையில்தான் இருக்கும். நாற்றம் வந்தால் வசவும் எனக்குத்தான்.

ஓடை ஒரு தெலுங்குக்கார விவசாயியின் நிலத்தைக் கடந்து போனது. "நாத்தம் வந்துச்சுன்னா மண்ணைக் கொட்டி மூடிடுவேம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூடினால் அத்தனை வீட்டுக் கக்கூஸும் பொங்கிக்கொண்டு வரும். தினமும் மாடுகளை அந்த வழியாகத்தான் ஓட்டிப் போவார். ஒன்று ஓடையில் வாய் வைக்கப் போனால் போதும், கயிற்றைச் சுண்டி இழுப்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் பார்த்துப் பார்த்து அனுப்புகிற தண்ணீர் அது!

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குச் சிங்காரப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பளபளவென்று இருக்கிறது. உள்ளே இருந்த பழுப்புச் சேற்றையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காயும் உடைத்திருந்தார்கள். இந்தக் கூத்துக்கு என் வீட்டுக்காரர்தான் தலைமை.

"ஃபேக்டரி மிஷினுக்கு மட்டுந்தான் பூஜையா? இதுவும் மிஷின்தானே!" என்று பல்லைக் காட்டினார்.

"அட, கூறு கெட்ட மனுசா! அந்தச் சேறுதாங்க மிஷினு! அதுல இருக்கற உசிருங்கதான் அழுக்கைத் தின்னுது. அத்தனையும் கொன்னுட்டுப் பொட்டு வச்சீங்களா?"

தெருவே கேட்கும்படி கத்தினேன்.

அந்த உயிர்கள் மறுபடி வளர வேண்டுமென்றால் பச்சைச் சாணி வேண்டும், அதுவும் வண்டி வண்டியாக. பக்கத்தில் அத்தனை மாடு வைத்திருந்தவர் அந்த விவசாயி ஒருவர்தான். ஓடையை மூடிவிடுவேன் என்றவரும் அவரேதான். ஆனாலும் நாற்றம் போய்ச் சொல்வதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். சரி, தொலைந்தது என்று நினைத்தேன்.

"சாணி தர்றேன். கொஞ்ச நாளு நாத்தத்தையும் பொறுத்துக்கறேன். ஆனா, பொட்டு வச்ச ஆளுங்கதான் கையால கரைக்கணும்."

"கரைக்க வைக்கறேண்ணே!"

மறுநாள் வண்டிகள் வந்தன. ஃபேக்டரியில் தலைமுடி கனத்துக்குத் துல்லியம் பார்க்கிற என் வீட்டுக்காரர் முழங்கை வரை சாணியில் நின்றார். காலனிப் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டோம். "ஏங்க, அந்தக் கட்டி சரியாக் கரையலை பாருங்க" என்று நான் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

தண்ணீர் ஒரே நாளில் தெளியவில்லை. முதலில் நுரைத்தது, நாறியது. விவசாயி மூக்கைப் பொத்திக்கொண்டு போனாரே தவிர, ஓடையில் ஒரு கூடை மண் விழவில்லை. மெல்ல மெல்லத் தொட்டி பழுப்பேறியது, ஓடை தெளிந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தொட்டியை யாரும் தொடவில்லை. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அவருடைய மாடுகளுக்குத்தான் போயின. பூஜை முடிந்து திரும்பும்போது மாலை போட்ட பசு ஒன்று ஓடையில் வாய் வைத்தது. வழக்கம்போல் இழுக்கப்போகிறார் என்று பார்த்தேன். அவர் கயிற்றைத் தளர விட்டார்.

"குடிக்கட்டும்மா. அதுங்க செஞ்ச தண்ணிதானே."