வெந்நீர் அக்கா

வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கி எடுத்து, துண்டில் துடைத்து, தன் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார். இன்னும் ஜில்லென்று இருக்கிறது. மறுபடியும் பாத்திரம். மசாஜ் மேசையில் படுத்திருக்கும் வங்கி அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "கை வெந்துடப் போகுதுக்கா, எடுங்க!" தெருவுக்கே இவர் வெந்நீர் அக்காதான்.

இவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் முடக்குவாதத்தால் மூட்டு வீங்கியவர்கள். நோயைப் பற்றி அக்காவின் விளக்கம் எளிது: "உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு அடிச்சுக்குது. கூட நானும் சேந்து அடிக்கணுமா?" அதனால் அமுக்கல் கிடையாது, மெல்லிய தடவல்தான். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது பெருமை பேசினால் வாசலோடு சரி. வாசனை எண்ணெயும் கிடையாது, பாட்டும் கிடையாது. பேச்சுக்கு மட்டும் பஞ்சமில்லை. மாடிவீட்டு நாய்க்குப் பிடித்த சளி முதல் மருமகன் வாங்கிவந்த உதவாத குக்கர் வரை எல்லாம் அங்கே அலசப்படும்.

ஒரே ஒரு முறை சறுக்கினார். பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் டீச்சர், "நல்லா அழுத்துங்க, நான் தாங்குவேன்" என்று கெஞ்சியதில் மனம் இளகி, சூடேறிக் கிடந்த மணிக்கட்டை அழுத்திவிட்டார். நான்கு நாள் டீச்சரால் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

நேற்று அதே டீச்சர் வந்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லை, கண்ணெல்லாம் சிவப்பு. அக்கா தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டு கொதித்தது. முழங்காலும் அப்படியே.

"இன்னிக்குத் தடவ மாட்டேன் டீச்சர்."

"இவ்ளோ தூரம் வந்திருக்கேன். அப்படியே அனுப்பிடுவீங்களா? இன்னிக்கும் தூங்கலன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்."

"அனுப்புறேன்னு யார் சொன்னா? படுங்க. பாதத்துல மட்டும் சூடில்ல. அதைச் சும்மா பிடிச்சுக்கறேன்."

"சும்மா பிடிச்சுக்கவா உங்ககிட்ட வந்தேன்?"

முணுமுணுத்துக்கொண்டேதான் டீச்சர் படுத்தார். அக்கா காலடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டார். அதிசயமாக வாயையும் மூடிக்கொண்டார். கால் மணி நேரம் போனது. டீச்சரின் மூச்சு சீரானது, பிறகு மெல்லக் குறட்டையாக மாறியது. அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. கையை எடுக்கவில்லை. தோளை உயர்த்தி, அதிலேயே மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.